ஒரு பக்க இடுப்பு வலி: அகல பெல்ட்டா, ஒடுக்க பெல்ட்டா?

மதுரை பனகல் சாலையில், அரசு இராசாசி மருத்துவமனையை ஒட்டிய சர்ஜிக்கல் கடைகளில் போய் "இடுப்பு வலிக்கு ஒரு பெல்ட் குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பொருள்தான் மேசைக்கு வரும். 9, 10 அங்குல அகலம், முதுகுப் பக்கம் வளையாத பட்டைக் கம்பிகள், முன்னால் வெல்க்ரோ. வலி இரண்டு பக்கமா, ஒரு பக்கமா? விலாவை ஒட்டியா, புட்டத்தை ஒட்டியா? இதைக் கேட்டு எடுத்துக் கொடுப்பது அபூர்வம். கேட்கிறவரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறவருக்கு முதலில் தீர வேண்டிய கேள்வி அதுதான். பெல்ட்டில் இரண்டு சாதி உண்டு, இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவழித்து, தவறான சாதியை வாங்கி, "பெல்ட் போட்டும் கேக்கல" என்று பீரோவில் போட்டுவிட்டவர்கள் நிறைய.

வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள். இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் இரு பக்கமும் சிறு குழி தெரியுமே, அந்தக் குழிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக விரல் போய் நின்றால், முதல் சந்தேகம் திரிகமும் (முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு) இடுப்பெலும்பும் சேரும் மூட்டின் மேல். மருத்துவர்கள் எஸ்.ஐ. (சேக்ரோஇலியாக்) மூட்டு என்பார்கள். இந்த வலி புட்டத்துக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் இறங்கும்; இடுப்புக்கு மேலே ஏறுவது குறைவு. படியேறும்போது, பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது, படுக்கையில் புரளும்போது சுருக்கென்று பிடிக்கும்.

விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால் தடவிக் காட்டினால், அதுவும் கடைசி விலாவுக்கும் சப்பை எலும்பின் விளிம்புக்கும் நடுவில் என்றால், அநேகமாகத் தசைப் பிடிப்பு. ஒரே இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமப்பது, ஒரே தோளில் பை மாட்டுவது, பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவது எல்லாம் இதைக் கூட்டும். மறுபக்கம் சாய்ந்தால் இழுக்கும்.

இனி பெல்ட்டுக்கு வருவோம். ஒடுக்கமானதை எஸ்.ஐ. பெல்ட் என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். 2 முதல் 4 அங்குல அகலம் இருக்கும். இது முதுகுத்தண்டைத் தாங்குவதில்லை. இரண்டு இடுப்பெலும்புகளையும் பக்கவாட்டில் உள்நோக்கி அழுத்தி, அந்த மூட்டு ஆட்டம் கொடுக்காமல் பிடித்து வைக்கிறது. அதனால் குழியருகே வலிப்பவர்களுக்கும், கர்ப்பக் காலத்தில் இடுப்புக் கட்டு தளர்ந்து வலிப்பவர்களுக்கும் இதுதான் பொருத்தம்.

பலன் தருமா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே வீட்டில் பார்த்துவிடலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரத்துக்கு, அதாவது 20 செ.மீ. தூக்குங்கள். பிறகு மற்ற கால். வலிக்கிற பக்கத்துக் கால் கல்லைக் கட்டியது போலக் கனக்கிறதா? இப்போது வீட்டில் ஒருவரை இரண்டு கைகளாலும் இடுப்பெலும்புகளை இரு பக்கமிருந்தும் உள்ளே அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுபடி தூக்குங்கள். கால் லேசாக எழும்பினால் பெல்ட் உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. அழுத்தினாலும் மாற்றமில்லை என்றால் அந்தப் பணத்தை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டச் செலவழிப்பதே மேல். அழுத்திப் பிடிக்க ஆள் இல்லையா, ஒரு தேங்காய்ப்பூத் துண்டை நீளவாக்கில் நாலு விரல் அகலத்துக்கு மடித்து, சப்பையைச் சுற்றி இறுக்கி முடிந்து பாருங்கள். ஓரளவு அதே வேலையைச் செய்யும்.

ஒடுக்க பெல்ட்டைக் கட்டும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். அரைஞாண் கயிறு கிடக்கும் இடத்தில், வயிற்றைச் சுற்றிக் கட்டினால் எந்தப் பயனும் இல்லை. முன்பக்கம் இரு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்பு முனைகளுக்குச் சற்றுக் கீழே பெல்ட் போக வேண்டும். பக்கவாட்டில் தொடையெலும்பின் குமிழுக்கு மேலே. பின்னால் அந்த இரண்டு குழிகளையும் மூடி. கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் அடியில்தான். வயிற்றின் மேல் ஒருபோதும் கூடாது, மருத்துவரைக் கேட்டபின்தான் கட்ட வேண்டும். இறுக்கம் 50 நியூட்டன், கிட்டத்தட்ட 5 கிலோ எடையின் இழுவை, போதும். அதைப் போல இரு மடங்கு இறுக்கினாலும் மூட்டுக்குக் கூடுதல் பிடிப்பு கிடைப்பதில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். விரல்களைப் பெல்ட்டுக்குள் சற்று முயன்று நுழைக்க முடிந்தால் சரியான அளவு. கால் மரத்தால் இறுக்கம் அதிகம்.

சேலை கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அகல பெல்ட்டைப் பாவாடைக்கு மேலே போட்டால் நாடா முடிச்சு சதைக்குள் பதிந்து அதுவே ஒரு வலியாகிவிடும். முடிச்சைப் பெல்ட்டின் கீழ் விளிம்புக்கு வெளியே வைக்க வேண்டும். ஒடுக்க பெல்ட்டைப் பாவாடைக்கு உள்ளேயே கட்டிவிடலாம், நாடா அதற்கு மேலே போய்விடும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் மடி கட்டும்போது அதன் கனம் ஒரே பக்கம் தொங்காமல், வலிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமும் மாற்றி மாற்றிக் கட்டுவது பெல்ட்டைவிட முக்கியம்.

அகல பெல்ட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிடிப்பு வந்த முதல் சில நாட்கள், நிமிர முடியாத நேரத்தில், எழுந்து நடமாட அது கைகொடுக்கும். பிடிப்பைக் குணப்படுத்துவதோ, மறுபடி வராமல் தடுப்பதோ அதன் வேலை அல்ல. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பட்டைகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. முதுகை இழுத்துக் கொடுக்கும் இழுவை சிகிச்சையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பெல்ட் போட்டால் தசை மெலிந்துவிடும் என்ற பயத்துக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நிஜ நஷ்டம் வேறு. ஆறு மாதம் கட்டியவர், அதில்லாமல் குனியவே பயப்படத் தொடங்கிவிடுகிறார். அந்தப் பயம் உடலை விறைக்க வைத்து வலியை நீட்டிக்கிறது.

எந்த பெல்ட்டானாலும் வேலை செய்யும்போது, நடக்கும்போது, வண்டி ஓட்டும்போது கட்டுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்த்து விடுங்கள். தூங்கும்போது வேண்டாம், ஒடுக்க பெல்ட்டுக்கு மட்டும், புரளும்போது வலிக்கிறவர்கள் மருத்துவர் சொன்னால் விதிவிலக்கு. மதுரை வெயிலில் வெறும் உடம்பில் கட்டினால் ஒரே நாளில் வேர்க்குரு. மெல்லிய பருத்தி பனியன் அடியில் இருக்கட்டும். துவைத்தால் நிழலில் காய வையுங்கள், வெயிலில் எலாஸ்டிக் செத்துப்போகும். வெல்க்ரோவில் நூல் சிக்கிப் பிடிப்புக் குறைந்தால் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம்.

பெல்ட்டோடு சேர வேண்டியது இரண்டு அசைவு. முதலாவது, மல்லாந்து படுத்து முழங்கால் இரண்டையும் மடக்கி இடுப்பை மெதுவாக மேலே தூக்கி 5 நொடி நிறுத்துவது, 10 முறை. இரண்டாவது, வலிக்கிற பக்கத்துக் கணுக்காலை மற்ற முழங்காலின் மேல் வைத்து, அடியில் இருக்கும் அந்த மற்ற காலின் தொடையை நெஞ்சை நோக்கி இழுத்து 30 நொடி, 3 முறை. செய்யும்போது வலி காலுக்குக் கீழே இறங்கினால் அன்றே நிறுத்துங்கள். வெந்நீர்ப் பை தசைப் பிடிப்புக்கு நல்லது. முக்கால் பாகம் கூட நிரப்ப வேண்டாம், கொதிநீர் கூடாது, துணி சுற்றி 15 நிமிடம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும், அவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

சில வலிகளுக்குப் பெல்ட்டே வாங்கக் கூடாது. விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு அலை அலையாக இறங்கி, எப்படித் திரும்பினாலும் குறையாத வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. ஒரு பக்கம் பட்டை போல எரிந்து சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. முழங்காலுக்குக் கீழே, பெருவிரல் வரை மின்சாரம் போல இறங்கினால் நரம்பு. மாலைக் காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, ராத்திரி வலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயைச் சோதித்தாக வேண்டும். தொடை இடுக்கு மரத்து, சிறுநீர் வராமலோ தானாகவோ போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், அது அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. எண்ணெய் போட்டு உருவி, சுளுக்கு எடுக்க அழைத்துப் போய் அந்த நேரத்தை இழக்காதீர்கள்.

கடையில் பேன்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள்; பேன்ட் எண்ணும் உண்மையான சுற்றளவும் ஒன்றல்ல. டெய்லர் டேப்பை எடுத்துப் போய், அகல பெல்ட்டுக்குத் தொப்புள் மட்டத்திலும், ஒடுக்க பெல்ட்டுக்குச் சப்பையின் அகலமான இடத்திலும் அளந்து, டப்பாவின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அங்கேயே கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, பத்தடி நடந்து பாருங்கள். உட்காரும்போது விலாவிலோ தொடை மடிப்பிலோ விளிம்பு குத்தினால் அடுத்த சைஸைக் கேளுங்கள். உடுத்திய பெல்ட்டை மறுநாள் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.