9,59,175 ரூபாய்: இத்தாலி ‘லக்ஸுரி டூர்’ என்று யாராவது சொன்னால் பணம் கட்டுமுன் இதைப் படிங்க

மக்களே, ஊர் திரும்பி இன்றோடு ஆறு நாள். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. 9,59,175 ரூபாய் போய்விட்டது. வக்கீல் பெயரைப் போடாதே என்று சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. திருநெல்வேலியில் கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் நிறைய உலகப் படம் வைத்த ஒரு ‘பிரீமியம் ஃபாரின் டூர்’ ஆபீஸ், அவ்வளவுதான் சொல்வேன். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி இந்த வருடம் 40 வருடம். 2025 கத்தோலிக்கர்களின் யூபிலி ஆண்டு வேறு, அந்த மாதிரி ஆண்டில் மட்டும் திறக்கிற புனிதக் கதவு ரோமில் திறந்திருந்தது. அம்மாவுக்கு அந்தக் கதவு வழியாக ஒரு தடவை நடக்கணும். அப்பா தூத்துக்குடியில் லாஞ்சு ஓட்டியவர், அவர் பிறந்த ஊர்க் கோயில் புனித அந்திரேயா கோயில். அந்திரேயாவின் திருப்பண்டம், அதாவது அவர் உடலின் எச்சம், இத்தாலியில் அமால்ஃபி பேராலயத்தில் இருக்கிறது, 1208-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு சாமியார் எப்போதோ பிரசங்கத்தில் சொன்னதை அவர் மறக்கவே இல்லை. ரோம் 3 ராத்திரி, அமால்ஃபி கடற்கரையில் பொசிடானோ 4 ராத்திரி, ஃப்ளாரன்ஸ் 2 ராத்திரி. நான், மனைவி, அப்பா, அம்மா. பிளைட் டிக்கெட்டை நானே போட்டுவிட்டேன். அது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது.

நான் ஏன் நம்பினேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஷிப்பிங் கம்பெனியில் வேலை, நாள் முழுக்க அடுத்தவன் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் சரக்கு ரசீது) எழுத்துப் பிழை பிடிக்கிறவன். நான் போய் விழுந்தது ஒரு சின்ன நோட்டில்.

முதல் தடவை அந்த ஆபீஸுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மேசையில் வேளாங்கண்ணி மாதா படம். டூர் ஏற்பாடு செய்கிற ஆள் என்னிடம் ரேட் எதுவும் பேசவில்லை. அம்மா நாற்காலியில் உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார். “அம்மா, பொசிடானோ பூரா படிக்கட்டுதான். உங்களுக்கு ரோட்டு மட்டத்துல, லிஃப்ட் வச்ச ஹோட்டல்தான் போடுவேன்” என்றார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பச்சை மையில், ‘அம்மா – முட்டி – லிஃப்ட் கட்டாயம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். எழுதினதை அம்மாவிடம் காட்டவும் செய்தார். வெளியே வந்ததும் அம்மா, “நல்ல புள்ள மாதிரி இருக்கான்ல” என்றாள். அதோடு முடிந்தது என் விசாரணை.

கணக்கு இப்படி: பேக்கேஜ் 8,70,000. ஜிஎஸ்டி 5 சதவீதம் 43,500. அதற்கு மேல் டிசிஎஸ், அதாவது டூர் கம்பெனி நம்மிடம் பிடித்து நம் பான் நம்பரில் கட்டவேண்டிய வருமான வரி, 5 சதவீதம் 45,675. ஆக 9,59,175. பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டவன் களவாணியாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? ஏப்ரலில் மூன்று லட்சம், ஜூனில் மிச்சம் முழுவதும். ஜூனில், “கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் பிரச்சனை, என் சேவிங்ஸ் அக்கவுண்டுக்குப் போட்ருங்க அண்ணாச்சி” என்றார். போட்டேன். கிரெடிட் கார்டில் தரட்டுமா என்றதற்கு 2 சதவீதம் கூட ஆகும் என்றதும் நானே பின்வாங்கினேன். இன்றைக்கு அந்த 2 சதவீதத்தை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஹோட்டல் கன்ஃபர்மேஷன் எல்லாம் வந்தது. அதை வைத்துத்தான் விசா வாங்கினோம். ஆகஸ்ட் 20-ல் விசா கைக்கு வந்தது. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுப் பக்கம் 4 நட்சத்திர ஹோட்டல் என்று பேச்சு. கிடைத்தது டெர்மினி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு 3 நட்சத்திரம். லிஃப்ட் இருந்தது, இரண்டு பேர் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கலாம். ‘எல்லாம் இன்க்ளூடட்’ என்ற நகர வரியை ஒருவருக்கு ஒரு ராத்திரிக்கு 6 யூரோ வீதம் 72 யூரோ நானே கட்டினேன். சரி, போகட்டும் என்று விட்டோம். கொலோசியத்தில்தான் முதல் அடி. அங்கே 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் பெயர் இருக்கணும், பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் டிக்கெட்டில் இருந்தவை வேறு நாலு பேருடைய பெயர்கள். போன் போட்டால், “சர்வர் இஷ்யூ அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல புது டிக்கெட் வரும்.” அந்த ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை.

புனிதக் கதவு மட்டும் நடந்தது. அம்மா அழுதுவிட்டாள். ‘யூபிலி பாஸ்’ என்று தலைக்கு 4,000 வாங்கியிருந்தாரே, அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது என்று அங்கே நின்ற தன்னார்வப் பையன் சொன்னான். அம்மா அழுதுகொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள், பொசிடானோ போகும் வழியில் நேப்பிள்ஸ். ஸ்டேஷன் வாசலில் எங்கள் பெயர்ப் பலகையோடு மெர்சிடிஸ் வேன் நிற்கும் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் நின்றோம். முதல் போனுக்கு, “டிரைவர் பார்க்கிங்ல இருக்கான்.” இரண்டாவதுக்கு, “இத்தாலி பார்ட்னர்கிட்ட பேசிட்டு லைன்ல வரேன்.” மூன்றாவதை எடுக்கவில்லை. கீழே போய் சர்க்கம்வெசுவியானா என்ற லோக்கல் ரயில் ஏறினோம், நம்மூர் பாசஞ்சர் தோற்கும் கூட்டம். பொம்பெய் ஸ்டேஷனில் சுற்றுலாக் கூட்டம் இறங்கிய பிறகுதான் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. பொம்பெயில் எங்களுக்கு ‘பிரைவேட் கைடு’ உண்டு என்று அட்டவணையில் எழுதியிருந்தது, ஜன்னல் வழியாக ஸ்டேஷன் போர்டைப் பார்த்ததோடு சரி. சொரெண்டோவில் இறங்கி, பஸ் பிடித்து பொசிடானோ. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கீழே பச்சையும் நீலமுமாகக் கடல், எலுமிச்சைத் தோட்டங்கள். உலகமே பார்க்க ஆசைப்படும் ரோடு. எனக்குக் கண்ணில் எதுவும் ஏறவில்லை.

ஹோட்டல் நிஜமாகவே இருந்தது. லிஃப்ட்கூட இருந்தது. வரவேற்பில் இருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, தட்டிப் பார்த்து, எதுவும் சொல்லாமல் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், இரண்டு ரூம், நாலு ராத்திரி, பக்கத்தில் சிவப்பில் ரத்து. தேதி ஆகஸ்ட் 22. விசா வந்த இரண்டாம் நாள். இலவசமாக ரத்து செய்கிற வகையில் போட்டு, கன்ஃபர்மேஷனை எனக்கு அனுப்பி, விசா வந்ததும் சத்தமில்லாமல் தூக்கியிருக்கிறார்கள். ஃப்ளாரன்ஸ் ஹோட்டலுக்கு அங்கேயே நின்று போன் போட்டுக் கேட்டேன். அதுவும் ஆகஸ்ட் 22.

பொசிடானோவில் அன்றைக்கு இருந்த ஒரே ரூமின் வாடகையைக் கேட்டு மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த வரவேற்புப் பெண்மணிதான் அதே கடலோரத்தில் இருக்கும் சலெர்னோவில் இரண்டு ரூம் பேசிக் கொடுத்தார், கடைசி ஃபெர்ரிக்கு நேரம் இருக்கிறது என்றார். படகுத்துறை இருப்பது அடியில், கடற்கரையில். அத்தனை படியும் அம்மா இறங்கினாள், ஒரு கை அப்பா தோளில். பாதி வழியில் நின்று, “அந்த நோட்டுல எழுதினானே” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சலெர்னோவிலிருந்து ஃபெர்ரியில் அமால்ஃபி போனோம். பேராலயத்துக்கு 62 படி. அம்மா கீழே சதுக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், அப்பா மட்டும் ஏறினார். வந்ததற்கு அது ஒன்று மிச்சம். ஃப்ளாரன்ஸ் பற்றி எழுதப் பொறுமை இல்லை. எங்கள் அட்டவணையில் உஃபிசி மியூசியம் திங்கட்கிழமை என்று போட்டிருந்தது. திங்கட்கிழமை உஃபிசி மூடியிருக்கும். இதை வீட்டிலேயே ஒரு தடவை தேடிப் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். புது ரூம்கள், ரயில், சாப்பாடு என்று கார்டில் இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் போனது தனி.

திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ் போனேன். அங்கே வேலை பார்க்கும் பொண்ணு டீ கொடுத்தது, “சார் ஃபீல்டுக்குப் போயிருக்காங்க.” இரண்டாம் நாளும் டீ, “சார் கொச்சின்ல இருக்காங்க.” மூன்றாம் நாள் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். வந்தார். “கோவப்படாதீங்க அண்ணாச்சி, இத்தாலி பார்ட்னர் எங்களையே ஏமாத்திட்டான்” என்றார். ரத்து செய்தது யார் மெயிலிலிருந்து என்றால் பதில் இல்லை. கடைசியில் ஒன்றரை லட்சத்துக்கு கிரெடிட் நோட் தருகிறாராம், தாய்லாந்து டூருக்கு மட்டும், மார்ச்சுக்குள் போகணுமாம். 9,59,175 வாங்கியவன் எனக்குத் தாய்லாந்து காட்டுகிறான்.

நேற்று ஆடிட்டர் என் 26ஏஎஸ், அதாவது நம் பான் நம்பரில் கட்டின வரியைக் காட்டும் படிவம், எடுத்துப் பார்த்தார். என் பான் நம்பரில் டிசிஎஸ் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஜூன் வரை வாங்கியதற்கு ஜூலை நடுவிலேயே கணக்குக் காட்டியிருக்கணும் என்கிறார். பில் என்று நான் பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை மறுபடி பார்த்தால் மேலே ‘கொட்டேஷன்’ என்று இருக்கிறது. எழுத்துப் பிழை பிடிக்கிறவன்!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்தது. பொசிடானோ படம். ‘யூபிலி ஸ்பெஷல், 4 சீட் மட்டுமே பாக்கி.’ கை நடுங்குகிறது. விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்:

தனி ஆள் சேவிங்ஸ் அக்கவுண்டுக்குப் பணம் போடாதீங்க, 2 சதவீதம் போனாலும் கார்டில் கட்டுங்க. விசா வந்த பிறகும், கிளம்புவதற்கு முந்தின வாரமும் ஹோட்டலுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க. டிசிஎஸ் வாங்கினால் உங்கள் பான் நம்பரில் ஏறியதா பாருங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் போட்டுவிட்டேன். அந்த 4 சீட்டில் உங்களுக்குத் தெரிந்த யாராவது இருந்தால் தயவுசெய்து இன்பாக்ஸில் வாங்க, போன் நம்பரைப் பார்த்தால் நான் சொல்லிவிடுவேன். நாளைக் காலை பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷன், அதற்குள் பேங்க் ஸ்டேட்மெண்ட் பிரிண்ட் எடுக்கணும், எங்கள் தெருக் கடை எட்டரைக்கு மூடிவிடுவான்.