விட்டுவிட்டுக் குளிரும் கார் ஏர்கோன்: கேஸ் நிரப்புவதா, கம்ப்ரசரை மாற்றுவதா, சோதித்துப் பார்ப்பதா?

கோலாலம்பூரின் பிற்பகல் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கார் ஏர்கோன் ஒரேயடியாக நின்றுவிட்டால், பழுதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. காலையில் செந்தூலிலிருந்து புறப்படும்போது நன்றாகக் குளிர்ந்து, ஜாலான் துன் ரசாக் நெரிசலில் சூடான காற்றை வீசி, மாலையில் வீடு திரும்பும்போது எந்தக் குறையும் இல்லாததுபோல் மீண்டும் குளிரும் ஏர்கோன்தான் உரிமையாளரையும் ஃபோர்மெனையும் ஒருசேர அலைக்கழிக்கிறது. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தும் நேரத்தில் அது பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும். அளவுமானி காட்டும் எண்களும் சரியாகவே இருக்கும்.

அந்த நேரத்தில் வாடிக்கையாளர் முன் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி மேலே கொஞ்சம் நிரப்பிவிடுவது முதலாவது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரையோ, கம்ப்ரசரோடு வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் எல்லாவற்றையுமோ ஒரு செட்டாக மாற்றிவிடுவது இரண்டாவது. பழுது தோன்றும் வரை காத்திருந்து, தோன்றிய அந்தக் கணத்தில் மின்சாரம் எங்கே நிற்கிறது, அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது மூன்றாவது. சில பத்து வெள்ளியில் முடிவதால் முதல் வழி மக்களுக்குப் பிடிக்கிறது. பெரிய செலவுக்குப் பின் நிம்மதி கிடைக்கும் என்ற நம்பிக்கையால் இரண்டாவது வழி ஏற்கப்படுகிறது. மூன்றாவது வழிக்குப் பொறுமை தேவைப்படுவதால் அதை யாரும் எளிதில் முன்மொழிவதில்லை. ஆயினும் விட்டுவிட்டு வரும் பழுதுக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் பழுது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதே எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதற்கான முதல் சான்று. முதல் இரண்டு வழிகளும் அந்தச் சான்றைப் பார்க்காமலேயே முடிவெடுத்துவிடுகின்றன.

கேஸ் நிரப்பும் வழியை முதலில் பார்ப்போம். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மைவி, சாகா, அக்சியா போன்ற கார்களில் இருப்பது ஆர்134ஏ கேஸ். அது பெட்ரோலைப்போல் எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை கேஸ் குறைகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதுதான் பொருள். ஒளிரும் சாயத்தைக் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பதன் மூலமோ, நைட்ரஜனை அழுத்திச் சோப்புநீர் தடவி நுரை தேடுவதன் மூலமோ அந்தக் கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது, அடுத்த முறை நிரப்புவதற்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

கேஸ் குறைவும் ஏர்கோனை விட்டுவிட்டு இயங்கச் செய்யும் என்பதை மறுக்க முடியாது. உயர்பக்கத்தில், அதாவது கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்தில், அழுத்தம் சரிந்து ஏறத்தாழ 2 பார் (சுமார் 29 பிஎஸ்ஐ) அளவுக்குக் கீழே போனதும் அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். அழுத்தம் ஏறியதும் மீண்டும் இயக்கும். ஆனால் அதன் தாளம் வேறு. சில நொடிகளுக்கு ஒருமுறை டிக், டிக் என்று கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் ஒட்டி விடுபடும் ஓசை பானட்டைத் திறந்தால் கேட்கும். குளிர்ச்சியும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். காலை முழுவதும் முழுக் குளிர், நண்பகலில் அறவே இல்லை, மாலையில் மீண்டும் முழுக் குளிர் என்ற போக்கு கேஸ் குறைவால் பொதுவாக வருவதில்லை. கசிந்து போன கேஸ் மாலையில் தானாகத் திரும்பி வராது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறான வாசிப்பு ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். எஞ்சினை அணைத்த நிலையில் அளவுமானியை மாட்டி, 30 டிகிரி வெயிலில் அது சுமார் 97 பிஎஸ்ஐ காட்டினால், கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று சிலர் முடிவு செய்கிறார்கள். உள்ளே ஒரு துளி திரவம் எஞ்சியிருக்கும் வரை, அந்த வெப்பநிலைக்கு அந்த அழுத்தம்தான் காட்டும்; அளவு பாதியாகக் குறைந்திருந்தாலும் ஊசி அங்கேயேதான் நிற்கும். எஞ்சின் ஓடும்போது தாழ்பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் திரும்பும் பக்கம்), உயர்பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதேனும் தெரியும். 30 முதல் 35 டிகிரி காற்றில், எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது, தாழ்பக்கம் 22 முதல் 36 பிஎஸ்ஐ வரையிலும் உயர்பக்கம் 200 முதல் 230 பிஎஸ்ஐ வரையிலும் இருப்பது பல ஜப்பானிய வகைக் கார்களுக்கு இயல்பானது. அளவை உறுதியாக அறிய வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: இருக்கும் கேஸை முழுமையாக உறிஞ்சி எடுத்து, எஞ்சின் அறையில் ஒட்டியிருக்கும் வில்லையில் குறித்துள்ள கிராம் கணக்கில் தராசு வைத்து நிரப்புவது.

தராசில்லாமல் மேலே ஊற்றுவதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. சிறிய கார்களின் மொத்த அளவே அரை கிலோவுக்கும் குறைவாக இருப்பதால், சிறிது கூடினாலும் உயர்பக்க அழுத்தம் ஏறிவிடும். ஓடும்போது காற்றுப் பட்டு அது அடங்கியிருக்கும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நின்றதும் எகிறி, சுமார் 31 பார் (ஏறத்தாழ 450 பிஎஸ்ஐ) அளவைத் தொட்டவுடன் அதே அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை வெட்டிவிடும். அதாவது, விட்டுவிட்டு வரும் பழுதைத் தீர்க்கப் போய், முன்பு இல்லாத இன்னொரு பழுதைக் காருக்குள் வைத்துவிட்டு வருகிறோம். கேஸின் தரமும் முக்கியம். 2011இல் குளிர்பதனக் கப்பல் கொள்கலன்கள் சில வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததற்கு, ஆர்134ஏ என்ற பெயரில் விற்கப்பட்ட, மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. காரின் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியத்தால் ஆனவையே. ஆகவே பெயர் தெரியாத உருளையிலிருந்து மலிவாக நிரப்பும் கடையைத் தவிர்ப்பது நல்லது.

கேஸ் வேலையே மருந்தாகும் ஒரு சூழலும் உண்டு. நேர்மையான ஒப்பீட்டில் அதைச் சொல்லியாக வேண்டும். குழாய்க்குள் ஈரம் புகுந்திருந்தால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் அந்த ஈரம் உறைந்து வழியை அடைக்கும். ஏர்கோன் குளிரும், திடீரென நிற்கும், சிறிது நேரம் அணைத்து வைத்தால் பனி உருகி மீண்டும் குளிரும். அடைத்திருக்கும் நேரத்தில் தாழ்பக்க ஊசி வெற்றிடத்தை நோக்கி இறங்குவதே இதற்கு அடையாளம். இதற்கும் மேலே ஊற்றுவது பயன் தராது. கேஸை எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, வெற்றிட பம்ப்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு, பிறகு எடைபோட்டு நிரப்ப வேண்டும்.

கம்ப்ரசரை மாற்றும் வழி செலவில் பெரியது. அதை ஆதரிப்போரின் வாதம் முற்றிலும் வெறுமையானதன்று. கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து, தாழ்பக்கம் அளவுக்கு மேல் ஏறியும் உயர்பக்கம் அளவுக்குக் கீழே இறங்கியும் நின்றாலோ, குழாயைக் கழற்றும்போது எண்ணெயில் உலோகத்தூள் மின்னினாலோ, தண்டு முத்திரையிலிருந்து எண்ணெய் கசிந்தாலோ மாற்றுவதைத் தவிர பெரும்பாலும் வேறு வழியில்லை. உலோகத்தூள் கண்டால் கண்டென்சரையும் ட்ரையரையும் சேர்த்தே மாற்றச் சொல்வதும் நியாயம். ஆனால் இவை எல்லாம் நிலையான பழுதுகள். காலையில் ஒளிந்து நண்பகலில் வெளிவருபவை அல்ல.

கம்ப்ரசர் பகுதியில் உண்மையிலேயே விட்டுவிட்டு வரக்கூடிய பழுது, அதன் முகப்பில் இருக்கும் காந்தக் கிளட்சில்தான் இருக்கிறது. கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து அந்த இடைவெளி அகன்றுவிட்டால், கிளட்சின் மின்காந்தச் சுருளான காயில், குளிர்ந்திருக்கும்போது தகட்டை இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் அறை கொதித்து, காயிலின் மின்தடை கூடி, காந்தம் வலுவிழந்ததும் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். இதற்குப் பல கம்ப்ரசர்களில் தகட்டின் பின்னால் உள்ள மெல்லிய வளையத்தை எடுத்து இடைவெளியைக் குறைத்தாலே போதும்; காயில் கெட்டிருந்தால் கிளட்ச் பகுதியை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். கேஸை வெளியேற்றவே தேவையில்லாத இந்த வேலைக்குப் பதிலாக முழுக் கம்ப்ரசரையும் மாற்றிய பிறகு பழுது நின்றுவிடுகிறது என்பது உண்மைதான், ஏனெனில் புதிய கம்ப்ரசரோடு புதிய கிளட்சும் வந்துவிடுகிறது. ஆனால் அதற்காகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தேவையற்றது.

இந்த இடத்தில்தான் மூன்றாவது வழியின் மதிப்பு தெரிகிறது. குளிர் நின்ற அந்தக் கணத்தில், காரை ஓரங்கட்டி, ஏர்கோனை அணைக்காமல், கம்ப்ரசருக்குப் போகும் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று ஒரு சோதனை விளக்கால் பார்த்தால் போதும். மின்சாரம் வந்தும் கிளட்ச் சுழலவில்லை என்றால் குறை கிளட்சிலோ அதன் எர்த் இணைப்பிலோ இருக்கிறது. மின்சாரமே வரவில்லை என்றால் கம்ப்ரசர் நிரபராதி. ரிலே (கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் மின்சுவிட்ச்), அழுத்த சுவிட்ச், தெர்மிஸ்டர் (கூலிங் காயிலின் குளிரை அளக்கும் சென்சர்), இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று பின்னோக்கித் தேட வேண்டும். ரிலேயை உறுதிப்படுத்த, ஃபியூஸ் பெட்டியில் ஹார்னுக்கு அதே வகை ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

விளக்கு கையில் இல்லாதவரும் பழுதின் நேரத்தைக் கவனித்து எழுதி வைத்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். நெரிசலில் சூடாகி, வேகமெடுத்தவுடன் குளிர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சர் விசிறி. அதன் மோட்டாரில் கார்பன் தேய்ந்தால் சில நேரம் சுற்றும், சில நேரம் தட்டினால்தான் சுற்றும். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது போய் வந்தால் தளர்ந்த இணைப்பு. திடீர் வெள்ளத்தில் சிக்கிய கார் சில வாரங்கள் கழித்துத் தகராறு செய்தால், இணைப்பிகளில் பச்சையாகப் பூத்த அரிப்பைத் தேட வேண்டும். தரைவீடுகளில் நிறுத்தப்படும் கார்களில் எலி கடித்த வயரும் அரிதன்று. எஞ்சின் வெப்பம் ஏறும்போது மட்டும் நின்றால், அது ஏர்கோனின் குறையே அன்று. எஞ்சினைக் காக்க இசியு கம்ப்ரசரை வெட்டுகிறது, ஆகவே ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

நீண்ட பயணத்தில் மட்டும் வரும் ஒரு பழுதுக்குத் தனிக் கவனம் தேவை, ஏனெனில் கேஸ் கடைக்காரர்கள் அதிகம் தவறாகப் படிப்பது இதைத்தான். ஈப்போவுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் மெலிந்து, தாப்பா ஓய்விடத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் காருக்கடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் தேங்கியிருக்க, ஏர்கோன் பழையபடி குளிர்ந்தால், கூலிங் காயில் பனிக்கட்டியாக உறைந்திருந்தது என்பது உறுதி. காயிலின் குளிரை அளந்து கம்ப்ரசரை நேரத்துக்கு நிறுத்த வேண்டிய தெர்மிஸ்டர் தவறாக அளப்பதாலோ, கேபின் ஃபில்டர் தூசியால் அடைபட்டுக் காற்றோட்டம் குறைவதாலோ இது நேரும். முன்பு சொன்ன ஈர உறைவிலிருந்து இதைப் பிரித்தறிய எளிய அடையாளம் உண்டு: வால்வில் ஈரம் உறைந்தால் காற்று வேகமாக வரும், ஆனால் சூடாக வரும், காயில் உறைந்தால் காற்றின் அளவே குறையும். ஒன்றுக்கு வெற்றிட பம்ப் தேவை, மற்றதற்குச் சிறிய சென்சரோ ஃபில்டரோ போதும்.

சோதித்தபின் கம்ப்ரசரைத்தான் மாற்ற வேண்டும் என்று தெளிந்தால், புதியதா, ஹாஃப்-கட்டா என்ற கேள்வி வருகிறது. ஜப்பானிலிருந்து வெட்டி வரும் கார்களிலிருந்து எடுத்த டென்சோ கம்ப்ரசர், பெயர் தெரியாத புதிய நகலைவிட நன்றாக உழைப்பது உண்டு. ஆனால் கழற்றிய பின் அதன் வாய்கள் மூடப்படாமல் அலமாரியில் கிடந்திருந்தால், அதன் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். குழாய்வாய் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பழைய எண்ணெயை வடித்து, அந்தக் கம்ப்ரசருக்குரிய எண்ணெயை அளந்து ஊற்றும் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) மட்டும் ஹாஃப்-கட் வாங்கலாம். பத்து ஆண்டு தாண்டிய காருக்கு அது பொருத்தமான தேர்வு. அதைவிடப் புதிய காருக்கு, உத்தரவாதத்தோடு வரும் அசல் பாகத்தையே நான் தேர்வேன்.

எந்தக் கடைக்குப் போவது என்பதும் இந்த ஒப்பீட்டின் ஒரு பகுதிதான். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காரை நிறுவனத்தின் சேவை மையத்துக்கே கொண்டுபோக வேண்டும். வெளியே வயரைத் தொட்டால் உரிமை கேட்பதில் சிக்கல் வரலாம். அந்தக் காலம் முடிந்த காருக்கு, ஏர்கோனோடு வயரிங் வேலையும் செய்யும் கடையே சிறந்தது, ஏனென்றால் விட்டுவிட்டு வரும் பழுதுகளில் பல மின்பழுதுகள். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. மின்காப்புத் தன்மையுள்ள தனி எண்ணெயைக் கேட்பது. வழக்கமான எண்ணெய் சிறிது கலந்தாலும் காப்பு குலையும் என்பதால், அவற்றை அதற்கான பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே விட வேண்டும். எங்கே போனாலும், காரை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய நிலையில் கொண்டுபோங்கள். பழுது எந்த நேரத்தில், எந்தச் சாலையில், நின்றபோதா ஓடியபோதா வந்தது என்ற குறிப்பைக் கையில் கொடுங்கள். “கேஸ் கொஞ்சம் போட்டுப் பாப்போம் அண்ணே” என்று தொடங்கினால், முதலில் கம்ப்ரசர் வயரில் கரண்டு வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கேஸ் எடுத்து நிரப்பியிருந்தால், எடுத்த கிராமும் நிரப்பிய கிராமும் ரசீதில் எழுதப்பட வேண்டும். பாகம் மாற்றியிருந்தால் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.