ஆங்கிலம் பழக எந்த மாம் நாவல்? நான் ‘தியேட்டர்’ பக்கம் சாய்ந்த காரணம்

செய்தித்தாள் ஆங்கிலம் தடங்கலின்றிப் புரிகிறது; ஆனால் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னால் அது பாராட்டா, குத்தலா என்று பிடிபடவில்லை. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அங்கேதான் நின்றேன். ஒரு நாவலை முழுதாக ஆங்கிலத்தில் படித்துப் பழகுவது என்று முடிவெடுத்தபோது ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் எழுதிய இரண்டு நூல்கள் முன்னால் இருந்தன: 1925-இல் வந்த ‘தி பெயின்டட் வெயில்’, 1937-இல் வந்த ‘தியேட்டர்’. இரண்டுமே திருமணத்தைப் பற்றியவை. இவை எதற்கு, சுருக்கி எளிமையாக்கிய பதிப்பு ஒன்று போதுமே என்று நண்பர்கள் சொன்னது மூன்றாவது வழி.

ஏன் மாம் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அவர் 1874-இல் பாரிஸில் பிறந்தவர். முதலில் பேசியது பிரெஞ்சு. எட்டு வயதில் தாயையும் பத்து வயதில் தந்தையையும் இழந்து இங்கிலாந்தில் சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது, பள்ளியில் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். போதாததற்குத் திக்குவாய். உழைத்துச் சம்பாதித்த ஆங்கிலம் என்பதாலோ என்னவோ, அவர் வாக்கியங்கள் சுற்றி வளைப்பதில்லை. (1938-இல் ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்து ஆசிரமத்தில் மயங்கி விழுந்த அதே மாம்தான்.)

எளிமைப் பதிப்புகளை முதலில் முடித்துவிடுகிறேன். அவற்றுக்கு நியாயமான இடம் உண்டு. உதவியின்றி ஒரு நூலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற, சொல்வளத்தை ஆராய்பவர்களின் கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் வரக்கூடாது. ஆக்ஸ்போர்டு புக்வோர்ம்ஸ் வரிசையின் கடைசி நிலையான ஆறாம் நிலையே 2,500 அடிப்படைச் சொற்களுக்குள் நின்றுவிடுகிறது. ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தால், வெட்கப்படாமல் அங்கே போங்கள். அதைத் தாண்டியவர்களுக்கு அவை சலிப்பூட்டும். கதை மிஞ்சுகிறது, பேச்சின் நெளிவு போய்விடுகிறது.

இனி ‘பெயின்டட் வெயில்’. முதல் வரியிலேயே ஒரு பெண் திடுக்கிட்டு அலறுகிறாள். கணவன் இல்லாத வேளை, காதலன் அறைக்குள், கதவின் பிடியை வெளியிலிருந்து யாரோ மெல்லத் திருப்புகிறார்கள். இந்த வேகம் ‘தியேட்டர்’ நூலில் கிடையாது. 80 அத்தியாயங்கள், பல இரண்டு மூன்று பக்கத்தில் முடிபவை. படுக்கப் போகும்முன் ஒன்றிரண்டு படித்துவிடலாம். துரோகம் தெரிந்த பின் கணவன் வால்டர் தன் மனைவி கிட்டியிடம் பேசும் இடம் நான் ஆங்கிலத்தில் படித்த மிகக் கூர்மையான பேச்சுகளில் ஒன்று. நாவல் என்ற அளவில் இதுதான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் பழகுவதற்கு? வால்டர் வாய் திறப்பதே அபூர்வம். சீனாவில் காலரா பரவிய ஊருக்குக் கதை நகர்ந்ததும் பேச்சு குறைந்து, வருணனையும் கிட்டியின் மனப் போராட்டமும் மேலோங்குகின்றன. வால்டர் சாகும்போது சொல்லும் கடைசி வார்த்தைகள் ஆலிவர் கோல்ட்ஸ்மித் கவிதையொன்றின் கடைசி வரி. அந்தக் கவிதை தெரியாத நமக்கு, கதையின் உச்சத்தில் ஒரு சுவர் எழும்பிவிடும். சீனர்களைப் பற்றிய காலனிக்காலப் பார்வையும் இடையிடையே உறுத்தும். இன்னொன்று: பழைய பதிப்பு கையில் கிடைத்தால், கதை தொடங்கும் ஹாங்காங் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு கற்பனை ஊர்ப்பெயர் இருக்கும். அந்நாளில் எழுந்த ஆட்சேபத்தால் மாற்றியது, குழம்ப வேண்டாம்.

‘தியேட்டர்’ நூலுக்கு வருகிறேன். ஜூலியா லாம்பர்ட், நாற்பதைத் தாண்டிய, லண்டனின் முதல்வரிசை நடிகை. கணவன் மைக்கேல் நாடகக் கொட்டகையை நிர்வகிப்பவன். பேரழகன், காசில் கெட்டி. முதல் அத்தியாயத்தில், கணக்கு எழுத வந்த இளைஞன் ஒருவனை வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். ஜூலியா அவனிடம் உருகி உருகிப் பேசுகிறாள், தன் புகைப்படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். அடுத்த வரியிலேயே அவள் மனம் அவனை நக்கலடிக்கிறது.

நான் இந்த நூலைத் தேர்ந்ததற்கு இந்த ஒரு ஏற்பாடே போதும். வாய் சொன்னதும் மனம் நினைத்ததும் அடுத்தடுத்த வரிகளில், நாவல் நெடுக. தமிழில் ஒருவர் நம்மை எங்கே வைத்திருக்கிறார் என்பதை ‘நீ’, ‘நீங்கள்’, ஒரு ‘வா’, ஒரு ‘வாங்க’ காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த அடையாளம் இல்லை. நெருக்கமும் விலக்கமும் சொல்லும் தொனியில் ஒளிந்திருக்கின்றன. எந்த இலக்கண நூலும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. ஜூலியா எதிராளியிடம் தேனாகப் பேசும்போது உள்ளே என்ன திட்டம் ஓடுகிறது என்று மாம் பக்கத்திலேயே எழுதிவிடுவதால், அந்தத் தேனின் உண்மையான சுவை நமக்குத் தெரிகிறது. நாடகப் பிரதியைப் படித்தால் சொன்னது மட்டும் கிடைக்கும். கிட்டிக்கும் மனம் உண்டுதான், ஆனால் அவள் பெரும்பாலும் நினைத்ததையே சொல்கிறவள்.

அதோடு, ஒரே பெண் ஆளுக்கு ஆள் வேறு ஆங்கிலம் பேசுகிறாள். கணவனிடம் வரவுசெலவும் வீட்டு விஷயமும். பல ஆண்டுகளாகத் தன்னைக் காதலிக்கும் பிரபுவிடம் மென்மையான பாவனை. ஒப்பனையறையில் உதவும் ஈவியிடம் மட்டும் பூச்சில்லாத பேச்சு. மகன் ரோஜர், ‘நீ நடிக்காதபோது யார்?’ என்ற தொனியில் தாயைக் குடையும் உரையாடல் ஒன்று வருகிறது. கனமான விஷயம், சொற்களோ பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தவை. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குறைகளும் உண்டு. ஈவியின் லண்டன் கொச்சை எழுத்திலேயே மடக்கும். ஜூலியா பிரெஞ்சு தெரிந்தவள் என்பதால் பிரெஞ்சுச் சொற்கள் அவ்வப்போது தலைகாட்டும், தாண்டிப் போங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் கதை அவளுடைய இளமைக்குத் திரும்பி நெடுநேரம் அங்கேயே இருக்கிறது, அங்கே பலருக்குப் பொறுமை போகும். ஜூலியாவைப் போல எல்லாரையும் ‘டார்லிங்’ என்று அலுவலகத்தில் கூப்பிடக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்றைய அமெரிக்கப் பேச்சுக்கு இது எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஒலிநூலாகக் கேட்டுப் பழகியதும் இல்லை.

ரஷ்ய மொழி பேசுவோரிடையே ‘தியேட்டர்’ நெடுநாளாக ஆங்கிலப் பயிற்சி நூலாகப் புழங்குகிறது. 1978-இல் லாட்வியாவில் அதைப் படமாகவும் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் 2004-இல் வந்த ‘பீயிங் ஜூலியா’ அனெட் பெனிங்குக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்தது. படத்தைப் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள். அதில் ஜூலியாவின் மனக்குரல் செய்யும் வேலையில் ஒரு பங்கை, இறந்துபோன அவளுடைய ஆசானின் ஆவி வந்து செய்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டால் நாவலின் நுட்பம் பாதி கெட்டுவிடும்.

படிக்கும் முறைக்கு மாமையே கேட்கலாம். இளமையில், ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டின் பத்திகளைப் பார்த்து எழுதி, பிறகு நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ‘தியேட்டர்’ உரையாடல்களை அப்படி எழுதிப் பார்த்தால், எங்கே நம் தமிழ் வாக்கியம் ஆங்கில உடை போட்டுக்கொண்டு நுழைகிறது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

ஜூலியாவின் தற்பெருமை உங்களுக்கு ஒத்துவராவிட்டால் தயங்காமல் கிட்டியிடம் மாறிக்கொள்ளுங்கள். பணச் செலவு பெரிதாக இராது. மாம் 1965-இல் இறந்தார். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு வரைதான் என்பதால் 2026 பிறந்ததிலிருந்து இரண்டு நாவல்களும் இங்கே யாரும் அச்சிடக்கூடியவை. மலிவுப் பதிப்பு வாங்கினால் அட்டையை நம்பாமல் கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பாருங்கள். ‘தியேட்டர்’ முழுநூல் என்றால் அது 29.