கியூசனேர் கோல்கள்: கணக்கில் திணறும் பிள்ளைக்கு வாங்கலாமா?

எண்களை நீளமாகவும் நிறமாகவும் காட்டும் இந்தக் கோல்களைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தப் பெட்டி என்று பார்த்து வாங்க வேண்டும்.

என் மகள் நான்காம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பாள். ஆனால் பல்லாங்குழி ஆடும்போது குழியில் கிடக்கும் நான்கு முத்துகளைக்கூட ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் எண்ணுவாள். 8-உடன் 5 கூட்ட, ஒன்றிலிருந்து விரல் விடுவாள். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று நினைவில் இருக்காது. "அக்கறை இல்லை, பத்து முறை எழுத வையுங்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உளவியலாளர் சோதித்த பிறகே டிஸ்கால்குலியா, அதாவது எண்களையும் கணக்கையும் புரிந்துகொள்வதில் உள்ள கற்றல் குறைபாடு என்று தெரிந்தது. அவளைச் சோம்பேறி என்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கோல்களை வடிவமைத்தவர் பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் கியூசனேர். 1 செ.மீ. வெள்ளையில் தொடங்கி 10 செ.மீ. ஆரஞ்சு வரை, நீளத்துக்கு ஒரு நிறம். கோலின் மேல் எண்ணும் இல்லை, கோடும் இல்லை. இதன் அருமையே அதுதான். மணிச்சட்டத்தில் ஐந்து மணிகளைக் காட்டினால் அவள் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துவிடுவாள். இங்கே ஐந்து என்பது முழுதாக ஒரே மஞ்சள் கோல். அதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறிய கோல்களும் கடைகளில் கிடைக்கின்றன. டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்கு அவை வேண்டாம்.

அதே 8-ஐயும் 5-ஐயும் கோல்களில் கொடுத்தேன். ஆரஞ்சுக்கு அருகே எட்டான பழுப்பை வைத்தாள். மீந்த இடத்தில் இரண்டான சிவப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தச் சிவப்பை எடுத்து மஞ்சளோடு ஒட்டி வைத்தாள். மஞ்சளில் மிச்சத்துக்கு மூன்றான இளம்பச்சை பொருந்தியது. "ஒரு பத்து, ஒரு மூன்று. பதின்மூன்று அம்மா!" விரல்கள் மேசைமேல் அப்படியே இருந்தன. இப்போது கோல் இல்லாமலும் சில கூட்டல்களைப் பத்தாக்கிப் போடுகிறாள்.

குறைகளும் உண்டு. 74 கோல்கள் உள்ள பெட்டியில் ஆரஞ்சு நான்குதான். 52-இலிருந்து 27-ஐக் கடன் வாங்கிக் கழித்துக் காட்ட ஐந்து வேண்டும். குழல்விளக்கு வெளிச்சத்தில் இளம்பச்சையும் கரும்பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிகின்றன. செய்முறைத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், மாலையில் அவளோடு இருக்கும் என் மாமியார் அதைப் பயன்படுத்த வழியில்லை. கடிகாரம் பார்க்கவும் சில்லறை கணக்கிடவும் வேறு வழிதான் தேட வேண்டும்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு எழுந்து போனால் பிள்ளை வீடு கட்டி விளையாடும். தினமும் கொஞ்ச நேரம் கூட உட்கார ஆள் வேண்டும். பள்ளியிலும் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் டிஸ்கால்குலியா பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது அதைச் சொல்லுங்கள்.

விலை ஆயிரம் ரூபாய்க்குள்தான். முடிந்தால் ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளாக வாங்குங்கள், ஆரஞ்சு எட்டாகிவிடும்.