வீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் வாடகையை நிறுத்துவதா, கழிப்பதா, காலி செய்வதா?

நடுராத்திரியில் சொட்டுச் சத்தம் கேட்டு விழித்தேன். படுக்கையறை சீலிங்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. விடிந்தபோது அது தட்டு அகலத்துக்குப் பரவி, நடுவில் பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது. மேல்வீட்டுக் குளியலறைக் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூன்று நாளில் ஆளுக்கொரு யோசனை வந்தது. "வாடகையைக் கொடுக்காதீங்க, தானா ஓடி வருவாரு" என்றார் ஒருவர். "நீங்களே பிளம்பரைக் கூப்பிட்டுச் சரி பண்ணிட்டு வாடகையில கழிச்சுக்கோங்க" என்றார் இன்னொருவர். காலி பண்ணிவிடச் சொன்னவர் உண்டு, புகார் கொடுக்கச் சொன்னவரும் உண்டு. வாடகையைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது அதுதான். இந்த ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், நஷ்டத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்கு வந்த சேதம் ஒன்று. பயன்படுத்த முடியாத அறைக்கும் சேர்த்து வாடகை கொடுப்பது இரண்டாவது. நனைந்துபோன மெத்தை, புத்தகம், லேப்டாப் மூன்றாவது. இவை மூன்றுக்கும் விதிகள் வேறு வேறு. கட்டடத்தைச் சரிசெய்வது பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக் குறைப்புக்குப் பல சட்டங்களில் யார் தவறு என்ற கேள்வியே வராது: வாடகைக்கு எடுத்த வீடு முழுதாகக் கையில் இல்லை, அதனால் வாடகையும் முழுதாகச் சேராது, அவ்வளவுதான். பொருள்கள் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வீட்டுக்காரர் கட்டடத்துக்கு எடுத்திருக்கும் காப்பீடு உங்கள் மெத்தைக்கு வராது. அவரிடம் நஷ்டஈடு கேட்பதென்றால் பெரும்பாலும் அவருடைய அலட்சியத்தைக் காட்ட வேண்டும். ஒழுகுகிறது என்று சொல்லியும் பார்க்காமல் விட்டார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். யாரும் எதிர்பாராமல் குழாய் வெடித்தால் அந்த நஷ்டம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். அதற்கு இருக்கிற ஒரே குடை, வாடகைக்கு இருப்பவர் தனக்காக எடுக்கும் காப்பீடு.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்கள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று ஓடியதால் வந்த சேதம் என்றால் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். கீழே வருவதெல்லாம் உங்கள் தவறில்லாத சேதத்துக்கு மட்டும்.

வாடகையை நிறுத்துவது

கோபத்தில் முதலில் தோன்றுவது இதுதான். ஐந்தில் மிக ஆபத்தானதும் இதுதான் என்பது என் கருத்து. வாடகை கொடுப்பதும் வீட்டைச் சரியாக வைத்திருப்பதும் ஒன்றையொன்று சாராத கடமைகள் என்றே இங்கிலாந்தின் பழைய சட்டம் நெடுங்காலம் பார்த்தது. 1647இல் வந்த பாரடைன் எதிர் ஜேன் வழக்கில், படை புகுந்து நிலத்திலிருந்து துரத்தியதால் அதை அனுபவிக்கவே முடியாமல்போன குத்தகைக்காரரும் குத்தகையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பானது. அமெரிக்காவில் இந்தப் பார்வையை உடைத்த முக்கியமான தீர்ப்பு 1970இல் வாஷிங்டனில் வந்த ஜாவின்ஸ் வழக்கு: வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்கும் என்ற உறுதிமொழி, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம்.

அப்படியானால் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பல இடங்களில் வாடகைப் பாக்கி ஒன்றே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். நீங்கள் நீதிமன்றத்தில் நிற்கும்போது பேச்சு ஒழுகலைப் பற்றி இருக்காது, பாக்கியைப் பற்றித்தான் இருக்கும். புகார் சொன்னவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். வாடகையை நிறுத்திவைக்க அனுமதிக்கும் ஊர்களிலும் பணத்தைத் தனிக் கணக்கிலோ நீதிமன்றத்திலோ கட்டச் சொல்வது வழக்கம். செலவழித்துவிட்டு வெறுங்கையோடு போய் நிற்க முடியாது.

குறைப்பது, கழிப்பது

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வாடகைக் குறைப்பு என்பது அனுபவிக்க முடியாமல் போனதற்கான ஈடு. கழிப்பு என்பது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை நீங்கள் செய்து, அந்தச் செலவை வாடகையில் பிடித்துக்கொள்வது. ஒரே ஒழுகலுக்கு இரண்டும் பொருந்தலாம். ஆனால் இரண்டுக்கும் கணக்கு தனித்தனி.

குறைப்பில் வாடகைதாரருக்கு மிகச் சாதகமான சட்டங்களில் ஒன்று ஜெர்மனியுடையது. அங்கே சிவில் சட்டத்தின் 536ஆவது பிரிவின்படி, குறை இருக்கிற காலத்துக்கு வாடகை தானாகவே குறைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் சம்மதமும் தேவையில்லை, அவர் தவறு செய்திருக்கவும் தேவையில்லை. ஆனால் குறையை உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்து, அதனால் சரிசெய்ய முடியாமல் போனால் குறைப்பும் போகும், கூடுதல் சேதத்துக்கு நீங்களே பொறுப்பாகவும் நேரும். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்களே அதிகமாகக் குறைத்துக்கொண்டு, பிடித்தம் சேர்ந்து சேர்ந்து இரண்டு மாத வாடகை அளவுக்குப் பாக்கியாகிவிட்டால் ஒப்பந்தத்தையே உடனடியாக முறிக்க வீட்டுக்காரருக்கு வழி கிடைத்துவிடும். அதனால் எவ்வளவு குறைப்பது என்பதில் சந்தேகம் இருந்தால் முழு வாடகையையும் கட்டுங்கள். "குறைப்புக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இதைச் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பிறகு திரும்பக் கேட்கலாம். அந்த ஒரு வரிக்கு இருக்கிற பலம் பத்து சண்டைக்கு இல்லை.

எவ்வளவு கேட்பது? நான் போட்ட கணக்கு எளிமையானது. நான்கு அறையில் ஓர் அறை 20 நாள் பூட்டிக் கிடந்தது. கால்பங்கு வாடகை, அதில் மூன்றில் இரண்டு பங்கு மாதம்: ஆக மொத்தம் மாத வாடகையில் ஆறில் ஒரு பங்கு. இதை அப்படியே எழுதிக் காட்டினேன். எண்ணைப் பார்த்தபின் பேச்சின் தொனியே மாறியது. ஆனால் எல்லா அறைக்கும் ஒரே எடை போடக் கூடாது. வீட்டில் இருப்பது ஒரே குளியலறை, அது உபயோகத்தில் இல்லை என்றால் பரப்பளவைக் காட்டி இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சதுர அடி சிறியதுதான். குளியலறை இல்லாத வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

கழிப்பின் நிலைமை வேறு. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது: வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்பு கொடுத்தபின் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தானே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தால் ஒப்பந்தமே செல்லும் என்பதால், கையெழுத்துப் போட்ட தாளை முதலில் எடுத்துப் படியுங்கள். 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. மாதிரி என்பதால் அதை ஏற்றுச் சட்டமாக்கிய மாநிலங்களில்தான் நடைமுறைக்கு வரும். கலிபோர்னியாவில் உச்சவரம்பு ஒரு மாத வாடகை. 12 மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. அறிவிப்புக்குப் பின் 30 நாள் காத்திருந்தால் அது நியாயமான காலம் என்று கருதப்படும், அவசரம் என்றால் அதற்கும் முன்பே செய்யலாம்.

இந்த வரம்புகளே இந்த வழியின் அளவைச் சொல்லிவிடுகின்றன. உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் குழாய், வால்வு, சிங்க் அடியில் உள்ள இணைப்பு போன்றவற்றுக்கு இது அருமையான வழி. மொட்டைமாடி ஒழுகலுக்கும் மேல்வீட்டுக் குழாய்க்கும் பயன்படாது. அடுத்தவர் வீட்டுத் தரையை உடைக்க உங்களுக்கு ஏது உரிமை? என் ஒழுகலில் இந்த வழி முதல் நாளே அடைபட்டது அதனால்தான்.

காலி செய்வது

வீடு குடியிருக்கவே லாயக்கில்லை என்ற நிலையில் எல்லாவற்றையும்விட வலுவான உரிமை இதுதான். மேலே சொன்ன 108ஆவது பிரிவு, வெள்ளம், புயல், தீ போன்றவற்றால் வீட்டின் முக்கியமான பகுதி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ குத்தகையை முடித்துக்கொள்ளும் தெரிவைக் குடியிருப்பவருக்கே கொடுக்கிறது. மாதிரிச் சட்டத்தில், எழுத்தில் கேட்டும் வீட்டுக்காரர் பழுதுபார்க்க மறுத்து, வீடு வாழத் தகாததாக இருந்தால் 15 நாள் எழுத்து அறிவிப்போடு வெளியேறலாம்.

இங்கே இடறுகிற இடம் "நிரந்தரமாக", "வாழத் தகாத" என்ற சொற்கள்தான். ஓதம் ஏறிய ஒரு சுவர் இதற்குப் போதாது. மின்சுவிட்ச் வழியாகத் தண்ணீர் வடிவது, கழிவுநீர் வீட்டுக்குள் நிற்பது, சீலிங் பெயர்ந்து விழுவது என்றால் பேச்சே வேண்டாம், அன்றைக்கே குடும்பத்தோடு வெளியே போங்கள். சட்டத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே போவதும் ஒப்பந்தத்தை முடிப்பதும் ஒன்றல்ல. அறிவிப்பு எழுதாமல், சாவியை ஒப்படைத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் போனால் வாடகை ஓடிக்கொண்டே இருப்பதாக வீட்டுக்காரர் சொல்லலாம், அட்வான்ஸையும் அதில் ஈடுகட்டலாம். தற்காலிகமாகத் தங்கும் இடத்தின் செலவை அவர் தருவார் என்றும் தானாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒப்பந்தத்தையும் அவருடைய தவறையும் பொறுத்தது. பல வாடகைதாரர் காப்பீடுகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கும்.

புகார் கொடுப்பது மெதுவான வழி என்று நினைப்பவன்தான் நானும். ஆனால் சில இடங்களில் இதைத் தவிர்த்து எதுவும் நடக்காது. கனடாவின் ஒன்டாரியோவில் வாடகைதாரர் தானாகப் பிடித்தம் செய்வது ஆபத்து. பராமரிப்புக் குறைக்கான டி6 படிவத்தை வாடகைத் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் கொடுத்தால், வாடகைக் குறைப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. இங்கிலாந்தில் காலக்கெடுவே சட்டமாகியிருக்கிறது. 2020 டிசம்பரில் ராச்டேலில், பூஞ்சை பிடித்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். பெற்றோர் பூஞ்சையைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அவன் பெயரிலேயே வழங்கும் சட்டப்படி, 2025 அக்டோபரிலிருந்து சமூக வீட்டு நிறுவனங்கள் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் பொதுநல அமைப்புகளும் உள்ளாட்சிகளும்) அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள்ளும், கணிசமான ஓதம், பூஞ்சை பற்றிய புகாரை 10 வேலைநாளுக்குள்ளும் பார்த்தாக வேண்டும். "ஓதம்தானே, ஜன்னலைத் திறந்து வையுங்க" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் குழந்தைதான் நினைவுக்கு வருகிறான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தினால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. அதனால் தாமதம் என்பது வெறும் அசௌகரியம் அல்ல, அதுவே இன்னொரு சேதம்.

என் முடிவைக் கேட்டால்: வீட்டில் இருக்க முடிகிற ஒழுகலுக்கு, வாடகையைக் கட்டிக்கொண்டே எழுத்தில் குறைப்பு கேட்பது. சின்னப் பழுதுக்குக் கழிப்பு. இருக்கவே முடியாது என்றால் அறிவிப்போடு வெளியேறுவது. குறைப்புக்கும் பழுதுக்கும் பதிலே வராதபோது புகார். வாடகையை நிறுத்துவது, வக்கீல் ஒருவர் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் தேதி வேண்டும். நான் முதல் நாளே ஸ்டூல் போட்டு ஏறி, கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். தினமும் காலையில் ஒரு கோடு, ஒரு போட்டோ. தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் "இன்று பேசியபடி" என்று எழுதி அனுப்பிவிடுவேன். ஒன்பதாம் நாள் வீட்டுக்காரர் வந்து நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக ஒன்பது கோடு, ஒன்பது தேதி. "இவ்வளவு பரவியிருக்குன்னு தெரியாதுங்க" என்றார். அன்று மாலையே மேல்வீட்டுத் தரையை உடைத்தார்கள். பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது, சுவர் நன்றாகக் காயும்வரை பொறுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் மறுபடி உப்பினால், காலி செய்யும் நாளில் அது என் கணக்கில்தான் வரும்.