'பிரேக் எ லெக்', 'டச் வுட்': எதன் பிறப்புக் கதையை நம்பலாம்?

மேடை ஏறப்போகும் நடிகரிடம் ஆங்கிலத்தில் 'பிரேக் எ லெக்' என்பார்கள். கால் உடையட்டும் என்று ஒரு வாழ்த்து! நேராக 'குட் லக்' சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பது நாடகக்காரர்களின் நம்பிக்கை. 'டச் வுட்' வேறு ரகம். 'இதுவரை ஒரு விபத்துகூட இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கண் பட்டுவிடக் கூடாதே என்று பக்கத்திலுள்ள மரத்தைத் தொடுவது. அமெரிக்கர்கள் தட்டுவார்கள்: 'நாக் ஆன் வுட்'.

முதலாவதற்கு, லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் 1865இல் மேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டதைக் காரணமாகச் சொல்வதுண்டு. எனக்கு ஒப்பவில்லை. இந்த வாழ்த்து அச்சில் தென்படுவதே 20ஆம் நூற்றாண்டில்தான். அதோடு, ஒரு கொலைகாரனின் காயம் எப்படி வாழ்த்தாகும்? கழுத்தும் காலும் முறியட்டும் என்று ஜெர்மன் விமானிகள் சொல்லிவந்த 'ஹால்ஸ் உண்ட் பைன்புருக்' இதைவிடப் பொருத்தமான மூலம். ஆனாலும் முடிவான சான்று கிடையாது.

சரி, மரத்துக்கு வருவோம். மரத்தில் குடியிருக்கும் ஆவிகள்தான் காரணம் என்பது அழகான கதை, ஆதாரம்தான் இல்லை. நான் நம்புவது நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஸ்டீவ் ரௌட் காட்டும் வழியை: 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் குழந்தைகள் ஓடிப்பிடித்து ஆடிய ஒரு விளையாட்டில், மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவரை யாரும் பிடிக்க முடியாது.