ககேதியின் இரு திராட்சைகள்

கபர்னே, ஷார்டனே போன்ற பிரபலமான திராட்சை வகைகளைத் தாண்டி ஒயின் வாங்க விரும்புவோருக்கு, ஜார்ஜிய நாட்டின் ககேதி பகுதியில் விளையும் ர்காட்சிதெலியையே முதலில் பரிந்துரைப்பேன். இந்த வெள்ளைத் திராட்சையின் சாற்றைத் தோல், விதைகளோடு சேர்த்து, மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்னும் பெரிய மண்கலத்தில் மாதக்கணக்கில் ஊற வைப்பதால், வழக்கமான வெள்ளை ஒயினில் காண முடியாத பொன்பழுப்பான அம்பர் நிறமும், பால் சேர்க்காத கடுந்தேநீரைப் போல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் அதற்கு வந்துவிடுகின்றன. 2013-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற முறை இது. முகர்ந்தால் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் வால்நட்டும் தேனும் தெரிகின்றன. குடித்தாலோ இனிப்பு துளியும் இல்லை. எனக்குப் பிடித்தது இந்த முரண்தான். பலரை முகம் சுளிக்க வைப்பதும் இதுவே. அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் மணம் அடங்கித் துவர்ப்பு மட்டுமே மிஞ்சும் என்பதால், 14 டிகிரி செல்சியஸ் அளவில் பரிமாறுவது நல்லது.

அதே மண்ணின் சிவப்பு ஒயினான சபெராவியும் வாங்கத் தக்கதே. பெரும்பாலான கருந்திராட்சைகளைப் போலன்றி இதன் சதையும் சிவந்திருப்பதால், கோப்பையில் ஏறத்தாழ மையின் கருமை தெரிகிறது. இளம் ஒயினில் புளிப்புச் சற்றுத் தூக்கல். சில ஆண்டுகள் முதிர்ந்ததைத் தேடுங்கள். புட்டியில் கிண்ட்ஸ்மராவுலி என்றிருந்தால், அது இதே திராட்சையின் மிதமான இனிப்பு வகை.